தண்ணீர் வடிந்த பிறகும்
மூத்த குடிமக்களுக்கான மனநல உரை



எல்லாரும் பசியாறிவிட்டு வந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இது கொஞ்சம் நீளமான பேச்சு. நடுவில் எழுந்து போக வேண்டியவர்கள் தாராளமாகப் போய்விட்டு வாருங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நேற்று ராத்திரி நல்ல மழை பெய்தது. உங்களில் எத்தனை பேர் அந்த மழையில் தூங்கினீர்கள்? கையைத் தூக்கச் சொல்லவில்லை, மனத்துக்குள் பதில் சொல்லிக்கொண்டால் போதும். இந்தக் கேள்வியை நான் கிளினிக்கிலும் கேட்பதுண்டு. இரத்த அழுத்தம் பார்க்க வந்த ஓர் அம்மாவிடம் இதைக் கேட்டால், "ஏன் டாக்டர் அதக் கேட்கிறீங்க?" என்று திரும்பிக் கேட்பார். அப்புறம் அவர் கண் கலங்கிவிடும்.

அப்படிப்பட்ட ஒரு அம்மாவைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அவர் ஒரே ஆள் அல்ல. பல பேர் என்னிடம் சொன்னதைச் சேர்த்து ஒருவராக ஆக்கியிருக்கிறேன். யாருடைய வீட்டுக் கதையும் வெளியே போகக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்தேன்.

ஷா ஆலாமில் தாமான் ஸ்ரீ மூடா உங்களுக்குத் தெரியும். இங்கே பாதிப் பேருக்கு அங்கே சொந்தக்காரர் இருப்பார்கள். 2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரே நாளில் பெய்தது. அந்த அம்மா சமையலறையில் இருந்தபோது கால்வாய்த் தண்ணீர் பின்வாசல் வழியாக வந்தது. ஒரு மணி நேரத்தில் முழங்கால் அளவு, பிறகு இடுப்பளவு. பக்கத்து வீட்டு மாடியில் ஏறிக்கொண்டார். அவர் கணவருக்கு இனிப்பு நீர். இன்சுலின் ஊசி கீழே குளிர்சாதனப் பெட்டியில் மாட்டிக்கொண்டது. மின்சாரம் இல்லை, கைபேசியில் சார்ஜ் இல்லை. இரண்டு ராத்திரி அப்படியே இருந்தார்கள். இருட்டில் யாரோ "தோலோங், தோலோங்" என்று கூப்பிட்டார்களாம். கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சத்தம் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் படகு வந்தது. யாரென்று தெரியாத இளைஞர்கள் தூக்கிப் படகில் வைத்தார்கள்.

அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்த அம்மாவும் கணவரும் பிழைத்தார்கள். அரசாங்க உதவிப் பணம் வந்தது, மகள் புது மெத்தை வாங்கிக் கொடுத்தாள், சுவருக்குச் சாயம் பூசினார்கள். எல்லாம் முடிந்தது என்று வீட்டில் நினைத்தார்கள்.

மூன்று வருடம் கழித்து அவர் என்னிடம் வந்தது தலைவலிக்காக. இனிப்பு நீரும் இறங்கவில்லை. மாத்திரையைக் கூட்டினோம், அப்போதும் இறங்கவில்லை. "மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன். "சாப்பிடுறேன் டாக்டர், தூக்கந்தான் இல்ல" என்றார். ஏன் தூக்கமில்லை என்று கேட்டதற்கு, "மழை வருதில்ல" என்றார்.

மழை தூறத் தொடங்கினாலே அடையாள அட்டை, பேங்க் புத்தகம், மருந்து எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிடுவார். மழை நிற்கும்வரை, சில நாள் காலை நான்கு மணிவரை. கால்வாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். இருட்டில் யாரோ கூப்பிடுவதுபோல் இருக்கும். கனவிலும் அதே குரல்தான். ஆற்றைத் தாண்டிப் போக வேண்டியிருப்பதால் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். பேரப்பிள்ளை குளியலறையில் வாளியை நிரப்பி விளையாடினால் கத்துகிறார். மகளுக்குக் கோபம்: "அம்மாவுக்கு எல்லாம் பிடிவாதம்."

அது பிடிவாதம் இல்லை. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. டாக்டர்கள் பி.டி.எஸ்.டி. என்பார்கள். பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மன உளைச்சல் நோய் என்று நீட்டிச் சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பல ஆண்டுகள் மனநல மருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம் போன்றவர்கள் 'மனவடு' என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். வடு என்றால் தழும்பு என்று நம் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். அதனால் இன்று முழுக்க மனவடு நோய் என்றே சொல்லப் போகிறேன்.

ஒன்றை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். மழைக்காலத்தில் முக்கியமான பத்திரங்களை ஒரு பையில் போட்டு மேலே வைப்பது நோய் இல்லை. அது புத்திசாலித்தனம். இங்கே இருக்கும் எல்லாருமே அப்படி வைத்திருக்க வேண்டும். பையை வைத்துவிட்டுத் தூங்கப் போக முடிகிறதா, இல்லையா என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

நம் தலைக்குள் ஒரு அபாய மணி இருக்கிறது. மூளையின் உள்ளே சிறிய பாதாம் கொட்டை அளவில் ஒரு பகுதி. ஆபத்து வந்தால் அது அடிக்கும். உடனே இதயம் வேகமாகும், மூச்சு கூடும், ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகும். நல்ல ஏற்பாடு. நாய் துரத்தும்போது யோசித்துக்கொண்டிருக்க முடியுமா? ஆபத்து போனதும் மணி நிற்க வேண்டும். மனவடு நோயில் அது நிற்பதில்லை, அல்லது தொட்டால் அடிக்கும் அளவுக்கு நுணுக்கமாகிவிடுகிறது. அத்தோடு, அந்த நாளின் நினைவு மற்ற நினைவுகளைப் போல "அது அன்றைக்கு நடந்தது" என்று தேதி போட்டு அடுக்கி வைக்கப்படுவதில்லை. அதனால் அது பழைய கதையாக வராமல், இப்போது நடப்பதுபோலவே வருகிறது. மழைச் சத்தம் கேட்டால் அந்த அம்மாவுக்கு 2021 ஞாபகம் வருகிறது என்று சொன்னால் போதாது. அந்த நேரத்தில் அவர் உடம்பு 2021-இல் இருக்கிறது.

ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறதா என்று பார்க்க டாக்டர்கள் முக்கியமாக மூன்று விஷயங்களைத் தேடுவார்கள். முதலாவது இப்போது சொன்னதுதான், நடந்தது திரும்பத் திரும்ப வருவது, கனவிலோ பட்டப்பகலிலோ. இரண்டாவது தவிர்ப்பது. அந்தத் தெரு, அந்த ஆறு, அந்தப் பேச்சு, அந்த மாதம்கூட. மூன்றாவது, ஆபத்து இன்னும் பக்கத்திலேயே இருப்பதுபோல் எப்போதும் உஷாராக இருப்பது: கதவுப் பக்கமாகவே உட்காருவது, தட்டு விழுந்தால் துள்ளுவது, சட்டென்று கோபப்படுவது. இவற்றோடு, எதிலும் ஆசை இல்லாமல் போவதும், "நான் மட்டும் ஏன் பிழைச்சேன்" என்ற குற்ற உணர்ச்சியும் சேர்ந்து வரலாம். பெரிய அதிர்ச்சி நடந்த முதல் சில வாரங்களில் இதெல்லாம் யாருக்கும் வரும், அது இயல்பு. ஒரு மாதத்துக்கு மேலும் தொடர்ந்து, வீட்டு வேலை, சாப்பாடு, உறவு என்று வாழ்க்கையைக் கெடுத்தால்தான் நோய் என்கிறோம்.

கஷ்டம் பார்த்தவர்கள் எல்லாருக்கும் இது வருமா? வராது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகத்தில் நூற்றுக்குச் சுமார் எழுபது பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது இப்படிப்பட்ட அதிர்ச்சியைச் சந்திக்கிறார்கள். அவர்களில் மனவடு நோய் வருவது நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு. நோய் வந்தவர்களிலும் நூற்றுக்கு நாற்பது பேர்வரை ஒரு வருடத்துக்குள் தேறிவிடுகிறார்கள். ஆகவே அதே வெள்ளத்தில் மாட்டிய பக்கத்து வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார் என்பதற்காக, "அவங்க தைரியசாலி, நீ கோழை" என்று யாரும் சொல்லாதீர்கள். காலராக் கிருமி உள்ளே போனவர்கள் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. வந்தவரை யாராவது கோழை என்கிறோமா?

வெள்ளம் மட்டும்தான் காரணம் என்றில்லை. கிள்ளானில் வளர்ந்தவர்களுக்கு 1992 ஜூன் மாதம் நினைவிருக்கும். துறைமுகத்தில் எண்ணெய்க் கப்பல் வெடித்துத் தீப்பிடித்தது. அண்மையில் 2025 ஏப்ரல் 1, ஹரி ராயாவின் இரண்டாம் நாள் காலை, புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்துப் பல கிலோமீட்டர் தூரத்துக்குத் தெரிந்த தீ. சாலை விபத்து, வழிப்பறி, தங்கச் சங்கிலியை அறுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் இழுத்துக்கொண்டு போனது, வீட்டுக்குள்ளேயே கணவன் அடித்த அடி, கோவிட் காலத்தில் மூச்சுத் திணறி ஐ.சி.யு.வில் கிடந்தது, இவை எல்லாமே காரணமாகலாம். கணவன் அடித்ததைச் சொல்லும்போது நம் பெண்கள், "அது குடும்ப விஷயம் டாக்டர்" என்று நிறுத்திவிடுகிறார்கள். உடம்புக்கும் மூளைக்கும் அது குடும்ப விஷயமா வெளி விஷயமா என்று தெரியாது. முப்பது வருடம் அடி வாங்கிய அம்மா, கணவர் இறந்து பத்து வருடம் ஆன பிறகும், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருக்கும் யாழ்ப்பாணத்து வம்சாவளிக் குடும்பங்கள் இன்னொன்று கேட்பார்கள். "நாங்க இங்கதானே இருந்தோம். சண்டை அங்க நடந்தது. எங்களுக்கு ஏன் தூக்கம் போகுது?" 1983-இலும் 2009-இலும் தொலைபேசிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். நெருங்கிய சொந்தம் கொடுமையாகச் செத்தது என்று கேள்விப்படுவதும் மனவடுவுக்குக் காரணமாகலாம் என்று மருத்துவம் ஒத்துக்கொள்கிறது. தொலைக்காட்சியில் பார்ப்பதால் மட்டும் பெரும்பாலும் இந்த நோய் வராது. ஆனால் ஏற்கெனவே உள்ளவருக்கு அது கிளறிவிடும். ஆகவே வெள்ளக் காட்சியை வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு முன் யாருக்கு அனுப்புகிறோம் என்று ஒரு தடவை யோசியுங்கள்.

இப்போது உங்கள் அப்பா, தாத்தா காலத்துக்குப் போகிறேன். இது நம் சமூகத்தின் பெரிய வடு என்பதால் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1942, 43-இல் ஜப்பான்காரர்கள் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டருக்கு ரயில் பாதை போட்டார்கள். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். அவர்களில் பெரும்பகுதி தோட்டத்துத் தமிழர்கள். காட்டில் மூங்கில் கொட்டகை, விடாத மழை, காலரா, மலேரியா, அடி. பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. திரும்பியவர்கள் லயத்துக்கு வந்தார்கள். சில நாளிலேயே காலைப் பிரட்டுக்குப் போய், பால் மரம் சீவத் தொடங்கினார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதே ரயில் பாதையில் வேலை செய்த பிரிட்டிஷ் போர்க்கைதிகளைப் பிற்காலத்தில் லிவர்பூலில் உள்ள வெப்பமண்டல மருத்துவக் கழகத்தில் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். வயிற்றுப் புழு, மலேரியா இவற்றோடு, மனத்தின் பாதிப்பும் எத்தனையோ வருடம் நீடித்திருப்பதைக் கண்டார்கள். நம் தோட்டத்து ஆட்களை அப்படி உட்கார வைத்து யாரும் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் நோய்க்குப் பெயரும் இல்லை. 'பி.டி.எஸ்.டி.' என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நூலில் ஏறியதே 1980-இல்தான். அதற்குள் அந்தத் தாத்தாக்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள்.

என் தாத்தாவும் சயாமுக்குப் போனவர். நான் பார்த்த தாத்தா பேசவே மாட்டார். சோற்றில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் கோபம் வரும். மழை நாளில் கள்ளுக்கடைக்குப் போய்விடுவார், பிறகு சம்சு. ராத்திரியில் சத்தம் போட்டு எழுவார், பாட்டி விபூதி பூசிப் படுக்க வைப்பார். "சயாமுக்காரர் அப்படித்தான்" என்று லயத்தில் சொல்வார்கள். நான் டாக்டருக்குப் படித்த பிறகுதான், எனக்குத் தெரிந்த எல்லாச் 'சயாமுக்காரர்'களையும் மறுபடி நினைத்துப் பார்த்தேன். அவர்களில் சிலர் வெறும் குடிகாரர்களாகவும் இருந்திருக்கலாம், எல்லாவற்றையும் நோய்க்கணக்கில் எழுத நான் தயாராக இல்லை. ஆனாலும் "குடிகார அப்பா" என்று மனம் கசந்து வளர்ந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். அந்தக் கசப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. குடி எங்கிருந்து வந்திருக்கலாம் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

வயதானவர்களிடம் இந்த நோய் ஒளிந்துகொள்ளும். "மனசு சரியில்ல" என்று நம் ஆட்கள் கிளினிக்கில் சொல்ல மாட்டார்கள். உடம்பு எரியுது, தலை பாரம், நெஞ்சு அடைக்குது, வாயு என்பார்கள். அது பொய் இல்லை, உண்மையிலேயே வலிக்கும். தூக்கம் கெட்டால் இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் ஏறும், அதுவும் உண்மை. (நெஞ்சு அடைத்தால் மனவடு என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். முதலில் இதயத்தைப் பார்க்க வேண்டும். 999-ஐ அழைப்பதற்கு யாரிடமும் வெட்கப்பட வேண்டியதில்லை.)

இன்னொன்று, பல வருடம் அடங்கிக் கிடந்தது வயதான பிறகு எழும்பும். வேலைக்குப் போகும் காலத்தில் மனத்துக்கு ஓய்வில்லை, பிள்ளை வளர்க்க வேண்டும், வீட்டுக் கடன் கட்ட வேண்டும். ஓய்வு பெற்று நாற்காலியில் உட்கார்ந்ததும், அல்லது துணை போனதும், பழையது வந்து எதிரே உட்காரும். மறதி நோய் வந்தவர்களுக்கு இது இன்னும் கடினம். நேற்று நடந்தது மறந்துபோகும், ஐம்பது வருடத்துக்கு முந்தையது முன்னால் வரும். குளிப்பாட்ட வரும் மருமகளையே எதிரி என்று நினைத்துத் தள்ளிவிடுவார்கள். அப்படிப்பட்டவரைப் பார்த்துக்கொள்பவர்கள், தொடுவதற்கு முன் எதிரே வந்து நின்று, "அப்பா, நான்தான், சட்டை மாத்தப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். ராத்திரியில் ஒரு சின்ன விளக்கை எரிய விடுங்கள். பின்பக்கமாக வந்து தூக்காதீர்கள்.

சரி, மருந்து இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் முதல் வைத்தியம் பேச்சுதான். வெறுமனே ஆறுதல் பேச்சு இல்லை, பயிற்சி பெற்றவர் ஒரு முறைப்படி நடத்துவது. அந்த அம்மாவுக்கு மருத்துவமனையில் வாரம் ஒரு முறை, மொத்தம் பன்னிரண்டு முறை நடந்தது. அந்த இரண்டு நாளை முதலிலிருந்து கடைசிவரை, இப்போது நடப்பதுபோல் சொல்லச் சொன்னார்கள். முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டார். மறுவாரம் மறுபடி. ஐந்தாம் தடவைதான் அந்த 'தோலோங்' குரலைப் பற்றிச் சொன்னார். "நான் இறங்கிப் போயிருக்கணும்" என்றார். "தண்ணீர் எவ்வளவு இருந்தது? உங்களுக்கு நீந்தத் தெரியுமா?" என்று கேட்டார்கள். கழுத்தளவு, தெரியாது. அன்றைக்குத்தான் நன்றாக அழுதாராம். அதோடு, தவிர்த்து வந்ததை ஒவ்வொன்றாக எதிர்கொள்ளும் பயிற்சியும் உண்டு. முதல் வாரம் மகளோடு கால்வாய் ஓரமாக ஐந்து நிமிடம் நின்றார், பிறகு பகலில் ஆற்றுப் பாலத்தைக் காரில் கடந்தார், பிறகு தூறலில் கோயிலுக்குப் போனார். பயம் ஏறும், ஏறிய பிறகு தானாக இறங்கும். அது இறங்குவதை உடம்பு தானே கண்டுகொள்ள வேண்டும், வெளியிலிருந்து யாரும் சொல்லிப் புரிய வைக்க முடியாது.

கண்ணை இடதும் வலதுமாக அசைத்துக்கொண்டே அந்த நினைவை எடுத்துப் பார்க்கும் ஒரு முறையும் இருக்கிறது, இ.எம்.டி.ஆர். என்பார்கள். கேட்க விநோதமாக இருக்கும், எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சைகளில் அதுவும் ஒன்று.

மாத்திரை என்றால் செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள். நான்கு முதல் ஆறு வாரம் போன பிறகுதான் பலன் தெரியும். முதல் வாரத்தில் வயிற்றைப் பிரட்டலாம். இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரின், வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கு இரத்தத்தில் உப்புச் சத்து குறையக்கூடும், அதற்கு இரத்தப் பரிசோதனை செய்வார்கள். நன்றாகிவிட்டது என்று நீங்களாகச் சட்டென நிறுத்தாதீர்கள்.

தூக்க மாத்திரை பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தார், மருந்துக் கடையில் தெரிந்தவர் கொடுத்தார் என்று சாப்பிடாதீர்கள். மனவடுவை அது ஆற்றாது. பழக்கமாகிவிடும், ஞாபகத்தைக் கெடுக்கும், ராத்திரி எழுந்து கழிவறைக்குப் போகும்போது தள்ளாடி விழ வைக்கும். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பீர், சம்சு, பிராந்தி எல்லாம் அதே வகைதான். முதல் இரண்டு மணி நேரம் தூங்க வைத்துவிட்டு நடுராத்திரியில் எழுப்பிவிடும்.

கோயிலில் மந்திரிப்பது, விபூதி போடுவது, எலுமிச்சம்பழம் சுற்றுவது, இதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த அம்மா வெள்ளிக்கிழமை மறுபடி கோயிலுக்குப் போகத் தொடங்கியதும் தேறியதில் ஒரு பங்கு. ஆனால் பேய் பிடித்திருக்கிறது என்று கட்டிவைத்து அடிக்கும் ஆளிடம் கொண்டுபோகாதீர்கள். ஏற்கெனவே பயந்திருக்கும் ஆளுக்கு அது இன்னொரு அதிர்ச்சி.

நடுராத்திரியில் அந்த நினைவு வந்துவிட்டால் உடனே செய்ய ஒரு சின்ன வழி சொல்கிறேன். எழுந்து உட்காருங்கள், இரண்டு பாதமும் தரையில் படட்டும். விளக்கைப் போடுங்கள். கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள்: மின்விசிறி, நாட்காட்டி, சாமி படம், தண்ணீர்ப் புட்டி, செருப்பு. இன்றைய தேதியைச் சொல்லுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். இது நோயைக் குணமாக்காது, அந்த ராத்திரியைக் கடக்க உதவும்.

வீட்டிலுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. "மறந்துடுங்க" என்று சொல்லாதீர்கள், மறக்க முடிந்தால் அவர்கள் மறந்திருப்பார்கள். "என்ன நடந்துச்சு, முழுசாச் சொல்லு" என்று பிடுங்கவும் வேண்டாம். அதிர்ச்சி நடந்த உடனே ஆளை உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டச் சொல்வது நல்லது என்று முன்பு நினைத்தார்கள், இப்போது அப்படிச் செய்ய வேண்டாம் என்கிறார்கள். சூடாக ஒரு மைலோ கலக்கிக் கொடுங்கள், காய்ந்த துணி கொடுங்கள், பிள்ளைகளோடு தொலைபேசியில் பேச வையுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். பேசினால் கேளுங்கள். அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தால், அந்த மகள் பிற்பாடு செய்ததுபோல், நீங்களும் போய்ப் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காரலாம்.

"செத்துப் போயிட்டா நல்லாருக்கும்" என்று பெரியவர் சொன்னால், வயதானவர் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். "அப்படிச் செய்ய நினைச்சீங்களா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. முன்பு இந்த நாட்டில் தற்கொலைக்கு முயன்றால் குற்றம். அந்தச் சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே போலீஸ் பயத்தில் மறைக்க வேண்டியதில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள்.

எங்கே போவது? உங்கள் பக்கத்து அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தான் போதும். பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்டுக்கு மேல் போகாது. அங்கேயே சில கேள்விகள் கேட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ, மெந்தாரி எனப்படும் சமூக மனநல நிலையத்துக்கோ கடிதம் கொடுப்பார்கள். கிள்ளான்காரர்களுக்குத் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை இருக்கிறது. வீட்டிலிருந்தே பேச வேண்டுமானால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. இல்லையென்றால் பிஃரெண்டர்ஸ் கோலாலம்பூர், 03-76272929, இருபத்து நான்கு மணி நேரமும். வீட்டில் அடி உதை என்றால் தாலியான் காசே 15999.

கிளினிக்கில் எப்போதும் தமிழ் தெரிந்தவர் இருப்பார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. இருக்க வேண்டும், இன்னும் போதவில்லை. அதனால் ஒரு மலாய் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "சாயா தக் போலே தீடோர், செலாலு தெரிங்காட் பஞ்சிர்." தூங்க முடியவில்லை, எப்போதும் வெள்ள நினைவாகவே இருக்கிறது என்று அர்த்தம். பஞ்சிர் இடத்தில் உங்களுக்கு நடந்ததைப் போட்டுக்கொள்ளலாம். மொழிபெயர்க்க ஆள் கூட்டி வந்தால் வளர்ந்தவராகப் பாருங்கள். பேரப்பிள்ளையை வைத்து இதைச் சொல்லச் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு அது தாங்காது, நீங்களும் பாதியை மறைத்துவிடுவீர்கள்.

போன தடவை இதே பேச்சு முடிந்ததும் ஓர் ஐயா எழுந்து கேட்டார்: "டாக்டர், எனக்கு நடந்து நாப்பத்தஞ்சு வருஷமாச்சு. இப்ப பேசி என்ன ஆகப்போகுது?" நான் அவரிடம், ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்டேன். மூன்று மணி என்றார். பழைய புண்ணுக்கும் இந்தச் சிகிச்சை வேலை செய்யும், எழுபது வயதிலும் செய்யும். எல்லாருக்கும் முழுக்கப் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். அந்த அம்மாவுக்கும் முழுக்கப் போகவில்லை. பெரிய மழை வந்தால் இன்னும் எழுந்துவிடுகிறார். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வெள்ளத் தகவல் பக்கத்தை மகள் கைபேசியில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஆற்று மட்டம் எவ்வளவு என்று ஒரு தடவை பார்ப்பார், பையை மாடியில் வைப்பார், படுத்துக்கொள்வார். இனிப்பு நீர் இறங்கியிருக்கிறது. அந்த ஐயாவும் இப்போது ஐந்து மணி நேரம் தூங்குகிறார்.

பின்னால் மேசையில் மிஸ்ஸி இருக்கிறார். இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள விரும்புகிறவர்கள் அடையாள அட்டையோடு வரிசையில் நில்லுங்கள். என்னிடம் தனியாகப் பேச வேண்டியவர்கள் கொஞ்சம் இருங்கள். இடது பக்க அறையைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம். சாப்பிடும் மாத்திரைகளைப் பையோடு கொண்டு வந்திருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.